தோளில் இருந்த கை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து படம் அச்சடிக்கும் பிறந்தநாள் டீக் கோப்பைகள். தபால்தலை அளவுப் படத்தைச் செல்போனில் அனுப்பிவிட்டு, "பெருசா போடுங்க" என்கிறார்கள். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதைச் சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. "வர்ற ஆளை விரட்டாதே." கடை அவனுடையது, படவேலை மட்டும் என்னுடையது.

மதியம் அட்டைப்பெட்டி ஆலை மேனேஜர் வந்தார். ஆண்டுவிழாவுக்கு ஆளுக்கொரு கோப்பை, எல்லாரும் சேர்ந்து நிற்கும் போட்டோவோடு. நல்ல தெளிவான படம். ஒருவழியாக ஒழுங்கான படம் ஒன்று வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

ஜூன் 4, புதன்

மேனேஜர் போன் செய்தார். இரண்டாம் வரிசையில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டைக்காரரை எடுத்துவிட வேண்டுமாம்.

"அவர் இப்ப இல்லம்மா. போன மாசம் மெஷின்ல மாட்டி... பாக்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல."

யாருக்குச் சங்கடம்? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையை வேறு ஆட்டுகிறான். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

ஜூன் 6, வெள்ளி

செய்து பார்த்தேன். ஆள் சுலபமாகப் போய்விடுகிறார். பின்னாலுள்ள செங்கல் சுவரைக் கொஞ்சம் நகலெடுத்து ஒட்டினால் ஒருவர் நின்ற அடையாளமே இல்லை. ஆனால் அவருடைய கை, பக்கத்தில் நிற்கும் வழுக்கைத் தலைக்காரரின் தோள்மேல் இருக்கிறது. ஆள் போன பிறகும் கை அங்கேயே இருக்கிறது. மோதிரத்தோடு.

எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிட்டு எழுந்தேன்.

"என்னால முடியாது" என்றேன்.

"இது ஒரு படம், அவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

"அவர் ஒரு ஆளு."

"நம்ம வீட்டு ஆளா?"

இதைச் சொன்னது என்கூடப் பிறந்தவன்.

ஜூன் 7, சனி

அண்ணனோடு பேச்சில்லை. அண்ணி தூது போகிறாள்.

ஜூன் 11, புதன்

அவனே உட்கார்ந்து அழித்துவிட்டான். எப்படிச் செய்தான் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மவுஸைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அச்சையும் அவனே முடிவு செய்துவிட்டான். வெப்ப அச்சு. படத்தைத் தாளில் எடுத்து, பூச்சுப் பூசிய கோப்பையைச் சுற்றி ஒட்டி, சூட்டில் அழுத்தினால் மை பூச்சுக்குள் ஏறிவிடும். வேலை சீக்கிரம் முடியும். தினமும் தேய்த்துக் கழுவினால் சீக்கிரம் வெளுக்கவும் வெளுக்கும். சூளையில் சுட்டால் மை பீங்கானோடு உருகிச் சேர்ந்துவிடும், லேசில் போகாது. ஆனால் மேனேஜருக்கு அவசரம்.

ஆலை முதலாளியின் முகம் நடுவில் வர வேண்டுமாம். கைப்பிடிப் பக்கம் சரியாக அழுந்தாது, முகம் மங்கிவிடும். அங்கே யார் போய் விழுந்திருக்கிறார்கள்? ஆலையைப் பெருக்குகிற இரண்டு பெண்கள். வேறு யார் விழுவார்கள்.

ஜூன் 18, புதன்

கோப்பைகள் போய்விட்டன. ஒழியட்டும். அலமாரியில் ஒரே ஒரு மிச்சம். அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

வழுக்கைத் தலைக்காரர் கடைக்கு வந்தார். படத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம், பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

"என் தோள் எங்கம்மா?"

அப்போதுதான் பார்த்தேன். அண்ணன் கையை அழிக்கிற வேகத்தில் அவர் தோளையும் சேர்த்து அழித்திருக்கிறான். தோள் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல்.

"அவன் கைய எடுத்தீங்க. என்னையும்ல கொஞ்சம் எடுத்துட்டீங்க." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். ஏதாவது சாக்குச் சொல்வான், அந்த ஆள் முன்னாலேயே அவனைக் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "பழைய படம் இருக்கா?" என்றான்.

"இருக்கு." இத்தனை நாளில் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை.

"எல்லாருக்கும் புதுசா போட்டுத் தர்றோம்ணே" என்றான் அவரிடம். "சூளையில சுட்டு."

அவர் போன பிறகு ஏதோ சொல்ல வந்தான். நான் கேட்கவில்லை. இவனுக்கு உறைக்க ஒரு மனுஷன் தோளைத் தேடிக்கொண்டு வரவேண்டியிருந்ததா?

ஜூன் 27, வெள்ளி

முதலில் சுட்டதில் சட்டையின் சிவப்பு பழுப்பாகிவிட்டது. சூளையில் சிவப்பு எப்போதும் அப்படித்தான் காலை வாரும். சிவப்பைக் கூட்டிப் போட்டு மறுபடி சுட்டோம். இப்போது சரி. பெருக்குகிற பெண்களை நடுவுக்கு நகர்த்தி, முதலாளியைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினேன். அண்ணன் கவனித்தான். அடுத்த கோப்பையை எடுத்து நீட்டினான்.

விஷயம் தெரிந்து மேனேஜர் போனில் கத்தினார். மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அண்ணன், "ஆமா சார், நாங்கதான் போட்டோம்" என்றான். கொஞ்சம் கழித்து, "சரிங்க சார், வேற கடை பாத்துக்கங்க." இந்த முறை தலை ஆடவில்லை.

கோப்பைகளை வாங்கிப்போக வந்த வழுக்கைத் தலைக்காரர் ஒன்றை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது அவன் வீட்டுக்கு. நீங்களே குடுத்துடுங்கம்மா. எனக்கு அங்க போக முடியல."

ஜூன் 29, ஞாயிறு

போனேன். மாடியில் ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை. அவர் மனைவி என்னைவிடக் கொஞ்சம் பெரியவள்.

"கம்பெனி குடுத்ததா?"

"இல்லக்கா. கூட வேலை பாக்குறவங்க."

"கழுவினா போயிடுமா?"

"போகாது."

அவள் நம்பவில்லை. அவளிடம் எத்தனை பேர் எத்தனை உறுதி சொன்னார்களோ. குழாயைத் திறந்து, சோப்பைப் போட்டு, கம்பி நாரை எடுத்து அவர் முகத்தின்மேலேயே தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். போகவில்லை. துடைத்து, அதில் டீயை ஊற்றி அவளே குடித்தாள். எனக்கு டம்ளரில் கொடுத்தாள்.

கிளம்பும்போது, "அவர எடுத்துட்டு ஒண்ணு போட்டாங்களாமே, அது இருக்கா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு. அது எதுக்குக்கா?"

"பக்கத்துலயே வச்சுக்கறேன். கோவம் குறைஞ்சிடக் கூடாதுல்ல."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவனே கடையைத் திறந்து, அலமாரியிலிருந்து அதை எடுத்து, தாளில் சுற்றிக்கொண்டான்.

"நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றான்.