நீ நீவிய மணிக்கட்டு

நண்பா,

நேற்று சாயங்காலம் மகள் ஷட்டில் ஆடிவிட்டு வீங்கிய மணிக்கட்டோடு வந்தாள். விழும்போது கையை ஊன்றிவிட்டாளாம். வீட்டுக்காரி நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். அந்த வாசனை வந்ததும் நான் எழுந்து போய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "மொதல்ல எக்ஸ்ரே" என்று அதட்டினேன். நான் அதட்டிப் பழக்கமில்லை. இரண்டு பேரும் விழித்தார்கள்.

நீ போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இருந்தாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் நாம் இருவரும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் டெம்பரரி. பூப்பந்து டீமுக்கு ஐந்து பேரை எடுப்பார்கள், எடுத்தவர்களை பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. ஷிப்ட் முடிந்ததும் ஷெட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு போட்டு வெறி பிடித்தவர்களாய் ஆடினோம். செலக்‌ஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, தாழ வந்த பந்தை எடுக்கப் பாய்ந்து, உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன்.

நீ கால் முதலில் பிறந்தவன். அப்படிப் பிறந்தவர் நீவினால் சுளுக்கு இறங்கும் என்று பக்கத்து ஊர் வல்லத்திலிருந்துகூட உன்னைத் தேடி ஆள் வரும். ஆனாலும் நீ முதலில் சொன்னது, "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாடா. அப்பறம் நான் பாக்கறேன்" என்பதுதான்.

காஞ்சிபுரத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே மயிரிழையாய் ஒரு கோட்டைக் காட்டினார். எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உன்னிடம் வந்து, "சுளுக்குதான்னாரு. நீவினா போதுமாம்" என்றேன்.

நீ அப்படியே நம்பினாய். உன் கைராசி அந்தக் கோட்டையும் அழித்துவிடும் என்று நானும் பாதி நம்பினேன். பத்து சாயங்காலம் நீவிவிட்டாய். "வலிக்குதாடா?" என்பாய். "இல்ல, எறங்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். செலக்‌ஷன் அன்று கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டதும் நீதான். நான் தேர்வானேன், நீ ஆகவில்லை. அதற்கும் நீதான் டீ வாங்கிக் கொடுத்தாய்.

ஆறு மாதத்தில் என் கை மட்டையைப் பிடிக்க மறுத்தது. எலும்பு சேரவே இல்லை. நீ அழுத்தி நீவியதில்தான் எலும்பு உடைந்தது என்று யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். என் ரூம் வாசலில் வந்து நின்றாய். "என் கைதான்டா உன்னிய கெடுத்திச்சி" என்று அழுதாய்.

எலும்பு உடைந்ததை மறைத்து ஆடியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். உண்மையைச் சொல்லாமல் உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டவன் மாதிரி தட்டிக்கொடுத்தேன். நண்பா, எனக்கு அதுதான் தாங்க முடியாத வெட்கம்.

அதன்பிறகு நீ யாருக்கும் நீவவில்லை. வந்தவர்களிடம், "என் கை ஆவாது, வேற ஆளப் பாரு" என்று திருப்பி அனுப்பினாய். எனக்கு வேலை நிரந்தரமாகி, பயம் போய், வருடங்களும் போயின. நான் வாய் திறக்கவில்லை.

மகளுக்கு வெறும் சுளுக்குதான். இன்று காலை பெட்டியின் அடியிலிருந்து என்னுடைய அந்தப் பழைய படத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை ஜன்னல் பக்கம் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"எம்பொண்ணு கால் சுளுக்கிகினு அழுதப்போ, அவரு கைய அக்குள்ல வச்சிகினு வெளிய போய் நின்னாருண்ணா. இத்த அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. காபி கொடுத்தார்.

என் மணிக்கட்டு இன்னும் பாதிக்குமேல் மடங்காது. சட்டைப் பித்தான் போடும்போதெல்லாம் உன் விரல்களின் சூடு நினைவுக்கு வருகிறது. உன் கை நல்ல கைதான். அது படுவதற்கு முன்பே எலும்பு உடைந்திருந்தது. எனக்கு அது அன்றைக்கே தெரியும்.