சிவப்புக் கோடு போட்ட இசைத்தட்டு

மச்சான்,

உன் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், உன் மகன் ஒரு பழைய இசைத்தட்டோடு வந்தான். "யாரோ இதுல கிறுக்கி வச்சிருக்காங்க மாமா, தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டான். நடுவிலிருந்து விளிம்புவரை சிவப்பு மெழுகுப் பென்சிலில் ஒரு கோடு. அதைப் பார்த்ததும் என் வலது உள்ளங்கை எரிந்தது. அந்தக் கையால்தான் உன்னை அறைந்தேன்.

எண்பத்து மூன்றில் நம் ஆட்களை அடித்த கலவரம் முடிந்து ஆறேழு மாதம் இருக்கும். ஹட்டனில் நீ வேலை பார்த்த ரேடியோ கடைக்கு, மலை ஏறுவதற்காக நல்லதண்ணிக்குப் போகும் வழியில் ஒரு கறுப்பு அமெரிக்கர் வந்தார். அவருடைய கேசட் பெட்டியை நீ திருத்தும்வரை அவர் தன் ஊர்க்கதையைச் சொல்ல, உன் முதலாளி அரையும் குறையுமாகத் தமிழில் சொன்னாராம். நியூயார்க்கில் பிராங்ஸ் என்று ஒரு பக்கம். வீடுகள் எரிந்து, வேலையில்லாமல் கிடந்த தெருக்கள். அங்கே ஓர் இளைஞன் தங்கை வைத்த விருந்துக்குப் பாட்டுப் போட்டான். மேளம் மட்டும் வருகிற இடத்தில்தான் சனம் துள்ளுகிறது என்று கண்டுகொண்டான். ஒரே பாட்டுக்கு இரண்டு இசைத்தட்டுகளை வைத்து மாற்றி மாற்றிப் போட்டு, அந்தத் துண்டை நீட்டிக்கொண்டே போனான். பிறகு இது தெருவுக்கு வந்தது. விளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்தார்கள். மைக் பிடித்தவன் ஆரம்பத்தில் வந்திருந்த கூட்டாளிகளின் பெயர்களைத்தான் தாளத்தோடு கூப்பிட்டானாம். இதற்கெல்லாம் ஹிப்-ஹாப் என்று பெயர் என்றாய்.

"நம்மகிட்ட இல்லாத மேளமா மச்சான்? திருநாளுக்குப் போட்டுருவோம்" என்று குதித்தாய். நானும் சேர்ந்து குதித்தேன்.

நம் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் திருநாள், பிற்பகல். தொழிற்சாலையிலிருந்து வயர் இழுத்து, முதலாளியிடம் கேட்டு வாங்கிய இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளை வைத்தாய். ஒரே சினிமாப் பாட்டு, இரண்டு தட்டுகள். மேளம் தொடங்கும் இடம் தெரிவதற்குத்தான் சிவப்புக் கோடு. முதல் இரண்டு தடவை சறுக்கியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. பத்து விநாடி மேளத் துண்டு பல நிமிடம் நிற்காமல் ஓட, கோயில் முற்றமே ஆடியது. நான் மைக்கில் என்னென்னவோ கத்தினேன்.

அப்போதுதான் கீழ் லயத்து வரிசை வீட்டுக் கிழவர் சேறும் சகதியுமாக மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"எங்கடா வந்துட்டானுக? எந்தப் பக்கம்?"

எனக்கு உறைத்தது. கலவரத்தின்போது மேளச் சத்தத்தில் அடையாளம் வைத்தவனே நான்தான். தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவன் நான். விட்டு விட்டு அடித்தால் காலைப் பெரட்டு, வேலைக்கு வந்து நிற்கலாம். நிறுத்தாமல் அடித்தால் அடிக்க வருகிறார்கள், தேயிலைக்குள் ஓடி ஒளிய வேண்டும். யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது. லயம் லயமாகப் போய் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"கீழ ஒரு ஆளு இல்லப்பா. ஒந் தங்கச்சியும் பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடிருச்சி" என்றார் கிழவர்.

என் தங்கை ஸ்டெல்லா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். வெளியே பனிமூட்டம், தூறல் வேறு. நான் திரும்பி உன்னை அறைந்தேன். கூட்டமும் உன்மேல் பாயப் பார்த்தது. நீ கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

மலையில் இறங்கிக் கத்திப் பார்த்தோம். ஒரு செடிகூட அசையவில்லை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே கேட்டு நடந்தார்கள், பாவிகள். திரும்பி ஓடி வந்தபோது நீ பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றாய்.

"மைக்கப் புடி மச்சான். நான் சத்தத்தத் திருகித் திருகி பெரட்டு அடி மாதிரி விடுறேன். நீ ஒவ்வொரு பேராக் கூப்புடு. கூப்புட்டுட்டுக் கொஞ்சம் விடு. ஆளு எந்திரிச்சு வரணும்ல."

மேளம் விட்டு விட்டு ஒலித்தது. நான் கூப்பிட்டேன். பத்தாம் காம்பரா வீட்டு மாரியாயி அக்கா, வாங்க. அந்தோணி மாமா, வாங்க. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நீ மேளத்தை அடக்கினாய். பனிக்குள் ஒரு தலை தெரிந்தது. பிறகு இரண்டு. பிறகு வரிசையாக. ஸ்டெல்லாவின் பெயரை நான்கு தடவை கூப்பிட்டேன். நீ ஒரு கையால் குமிழைத் திருகிக்கொண்டே மறு கையால் என் முதுகைப் பிடித்துக்கொண்டாய்.

கடைசியாகத்தான் வந்தாள். உடம்பெல்லாம் நனைந்து, கை பிள்ளையின் முகத்தில்.

"சத்தம் போட்டுருவான்னு வாயப் பொத்திட்டேண்ணே" என்றாள்.

கையை எடுத்தோம். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பிறகு வீறிட்டு அழுதான். என் வாழ்நாளில் அதைவிட நல்ல சத்தம் கேட்டதில்லை.

அதற்குப் பிறகும் நாம் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்தோம், கல்யாணங்களுக்குப் போனோம். நான் அறைந்ததைப் பற்றி நீ ஒருநாளும் பேசவில்லை. அடையாளம் வைத்தவன் நான், மறந்தவனும் நான். அடி வாங்கியது நீ. மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வருடம் எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், வெட்கம் கெட்டு.

உன் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன் ஸ்டெல்லாவின் மகன். கோயிலில் மைக்கை என்னிடம்தான் கொடுத்தார்கள். உன் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, நீ சொன்ன மாதிரியே கொஞ்சம் விட்டேன். ஆள் எழுந்து வருகிற அளவுக்கு.