நீலத்துக்குப் பெயர் கேட்கிறார்கள்

உன் படத்தைச் சுற்றியிருந்த படுக்கை விரிப்பைப் பிரித்ததும் எண்ணெய் வர்ணத்தின் மணம் அறை முழுக்கப் பரவிவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. உன் படம் இன்னும் காயவில்லையோ என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாளைக்குக் கிளிநொச்சியில் கண்காட்சி. படத்தை ஏற்ற மத்தியானம் வான் வரும். அதற்குள் ஒரு பெயர் வேண்டுமாம். உன் தம்பி காலையிலிருந்து அங்கிருந்து போன் எடுத்தபடியே இருக்கிறான்.

"அக்கா, 'இடப்பெயர்வு' எண்டு போடுவமே? சனத்துக்குக் கெதியா விளங்கும்."

பொறு என்று வைத்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக் குடிக்காமலே ஆறவிட்டாயிற்று.

கதவளவு நீலம். வலது ஓரத்தில் விரல் அகலத்துக்குச் செம்மஞ்சள். ஆளில்லை, மரமில்லை, வீடில்லை. இதற்கு நான் என்ன பெயர் வைக்க?

புதுக்குடியிருப்பில் என் ரியூசன் மேசையில் ஒரு நாள் தாள்களைப் பரப்பினாய். கறுப்பின் நடுவில் ஒரு சாம்பல் துண்டு, வெள்ளையின் நடுவில் ஒரு சாம்பல் துண்டு. "கணக்கு ரீச்சர், எது கடும் சாம்பல்?" வெள்ளையில் இருப்பது என்று அடித்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாய். "எடி, ரெண்டும் ஒரே தாளில வெட்டினது. அயல்தான் வேற." நீலத்துக்கு எதிர் நிறம் செம்மஞ்சள் என்று சொன்னதும் அன்றைக்குத்தான். "ரெண்டையும் குழைச்சாச் சேறாப்போம். பக்கத்தில விட்டுப் பார், ரெண்டும் கத்தும்."

பிறகு இந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாய். என் வாய் சும்மா இருக்கவில்லை. "முகாமில கூரைக்குக் கட்டின நீலத் தறப்பாள் மாதிரிக் கிடக்கு" என்றேன்.

உனக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தறப்பாள் தெரியாதே? முகாமில அதுக்குக் கீழ நானும்தான் படுத்தனான். அதுக்காக நீலத்தை அங்கேயே விட்டிட்டு வரச் சொல்லுறியே?"

 

உன் தம்பி திரும்பவும் போன் எடுத்தான். பெயர் வேண்டாம் என்றேன்.

"பேரில்லாட்டிச் சனத்துக்கு என்னெண்டக்கா விளங்கும்?"

"விளங்காட்டி நிண்டு பாக்கட்டும். உன்ர அக்கா வைக்காத பேரை நாங்கள் வைக்கேலாது."

அவன் கோபத்தோடு வைத்துவிட்டான். உன் பக்கம் நின்றேன், சந்தோஷம்தானே? வான் வருவதற்குள் செம்மஞ்சளை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். நீலம் சோர்ந்து படுத்தது. கையை எடுத்தேன், எழும்பி நின்றது. கொஞ்ச நேரம், மெய்யாகவே, அது நீலம் மட்டும்தான். நீ சொன்னதுபோல் நான் பார்த்துவிட்டேன்.

பார்த்ததும் பயந்து போனேன். தறப்பாளை மறுபடி வேண்டுமென்றே நினைத்துக்கொண்டேன். கோபிக்காதே. முகாமில் அந்தத் தறப்பாள் கொட்டிலில்தானே நீ எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தாய்.