மாமி எண்ணெய் வைத்த தலை

கோப்பாய்
ஆவணி 5

அன்பு மகள் வினோஜாவுக்கு அம்மா எழுதுவது. சந்நிதி முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை மட்டும் உன் மாமியிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. நான் நோர்வேக்குப் போன் எடுத்தால் "பிறகு கதைப்பம் அம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்து முடித்துவிட்டார், மருதனார்மடம் சந்தையில் இம்முறை நல்ல விலை. தம்பி கஜீபன் இப்போது கதவை அடித்துச் சாத்துவதில்லை. நீ தை மாதம் வந்து நின்றபோது அந்தச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போய் ஒடுங்கியதை அவன் மறக்கவில்லை.

நேற்று மாமி போனில் கதைத்தார். உனக்கு இப்போது கொஞ்சம் நித்திரை வருகிறதாம், உன் புருசன் முறுக்கிய தோளுக்கு அவர்தான் ஒத்தடம் கொடுக்கிறாராம், சனிக்கிழமை தலைக்கு எண்ணெயும் வைத்துவிட்டாராம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு பற்றி எரிந்தது. தையில் நான் எண்ணெயோடு பின்னால் வந்து உச்சியில் கை வைத்ததும் கத்திக் குளறிக்கொண்டு ஓடினாயே, பெற்ற தாயின் கையைத் தட்டிவிட்டாயே! உன்னை அடித்தவன் அவர் பெற்ற பிள்ளை, அவருக்கு மட்டும் தலையைக் கொடுக்கிறாயா? "எப்பிடி மச்சாள் விட்டவள்?" என்று கேட்டேன். "முன்னாலை இருந்து, வைக்கட்டோ எண்டு கேட்பன். வேண்டாம் எண்டால் போத்திலை மூடிப்போட்டு எழும்பிடுவன். மாசக்கணக்கா வேண்டாம் எண்டுதான் சொன்னவள்" என்றார். பெற்ற மகனையே பொலிசில் பிடித்துக் கொடுத்துவிட்டு உன்னோடு நிற்கிற மனுசியில் என்ன பிழை பிடிக்க? அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பங்குனியில் வர ஆசை, ஆனால் திரும்பவும் அம்மாவைத் தட்டிவிடுவேனோ என்று பயம் என்று அவரிடம் சொன்னாயாம். அதையும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாய். அங்கே மனத்துக்கு மருந்து தருகிற வைத்தியரிடம் போவதை விடாதே, குளிசையை நீயாக நிறுத்தாதே, கை நடுங்கினால் வெட்கப்படாதே. பங்குனியில் வா. மாமியையும் கூட்டிக்கொண்டு வா, இருவரும் அறையில் படுங்கள், நான் கூடத்தில் படுக்கிறேன். அவரே எண்ணெய் வைக்கட்டும். எனக்கு எரியும்தான், எரிந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு நாளும் நான் முன்னால் வந்து நின்று கேட்பேன், நீ ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்று சொல்லு. அதைச் சொல்வதற்கென்றாலும் வா, பிள்ளை.

முருகன் உன் உடம்பையும் மனத்தையும் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மாமிக்கு என் அன்பைச் சொல்லு, நிறையச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
நல்லம்மா