எட்டுப் பக்க நோட்டீசும் என் ஒரு ஓட்டும்

சூளகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாய் இருக்க வேண்டும். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைப்பாய். போன் என்றால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி.

அம்மா பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் தோற்றது உனக்குத் தெரியும், நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம். முதல் காரணம் நான்தான். நோட்டீசை ஒரே வரியில் போடுங்கள் என்று நீ சொன்னபோது, இதென்ன சோப்பு விளம்பரமா என்று உன்னைத் திட்டினேன். இருபத்தாறு வருஷம் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்த புத்தி, ஒன்று விடாமல் எழுதினால்தான் திருப்தி. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் எங்கே மண் மூடிக் கிடக்கிறது, எந்த போர்வெல் எத்தனை அடியில் வற்றியது, செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு எத்தனை மணிக்கு பஸ் வேண்டும், எல்லாம் சேர்த்து எட்டுப் பக்கம், அதுவும் தமிழில் மட்டும். நம் ஊரில் பாதி வீட்டில் தெலுங்கு, கால்வாசி வீட்டில் கன்னடம் என்பது எனக்குத் தெரியாததா. எதிர்த்து நின்ற பொற்கொடி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஒரு வேலை என்றாள், அதையே தெலுங்கில் இன்ட்டிகோ உத்யோகம் என்றாள், கன்னடத்தில் மனெகொந்து கெலச என்றாள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள்கூட அதையே பாடிக்கொண்டு திரிந்தன. அம்மா கங்கப்பன் வீட்டில் அரை மணி நேரம் கால்வாயைப் பற்றி விளக்கினாள். காபி கொடுத்துப் பொறுமையாய்க் கேட்ட மனுஷன் கடைசியில், எல்லாம் சரிங்கக்கா, வேல உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க என்றார். தலைவர் சொல்லி எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்காது, ஆள் எடுக்கிற விவரத்தை வாங்கி ஆபீசில் ஒட்டி வைக்கத்தான் முடியும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்த வீட்டு ஓட்டு போச்சு என்றும் தெரிந்தது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கான்ட்ராக்ட் முடிந்தது என்று உன் தம்பி சுரேந்தரை நிறுத்தி ஐந்து மாதமாகிறது, டிப்ளமோ படித்த பிள்ளை பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். ஓட்டுச்சீட்டோடு அந்த அட்டை மறைவில் நின்றபோது அவன் முகம்தான் கண்ணில் வந்தது, வீட்டுக்கு ஒரு வேலை என்று காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அது நடக்காது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். ஆனாலும் பொற்கொடி சின்னத்தில் முத்திரையைக் குத்திவிட்டேன். என் ஒரு ஓட்டால் அம்மா தோற்கவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. போன வாரம் சுரேந்தர் பொற்கொடி வீட்டுக்குப் போனான், பயோடேட்டாவை வாங்கிக் கட்டோடு கட்டாய்ப் போட்டு வைத்தார்களாம். அம்மா யாரையும் திட்டவில்லை. நேற்று எனக்குக் களி போட்டுக்கொண்டே, ஊரு போடாட்டி போவுது, நம்ம வீட்டு மூணு ஓட்டு எனக்குத்தான வுழுந்திருக்கும், அது போதும் என்றாள். களியைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன் கண்ணு.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குக் குளிர் ஆகாது. இதைப் பற்றி போனில் மூச்சு விடாதே. அம்மாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று தினமும் ஆரம்பிக்கிறேன், தம்பி, கம்பெனி, கான்ட்ராக்ட் என்று காரணம் நீண்டுகொண்டே போகிறது. ஒரே வரியில் எப்படிச் சொல்வது என்று எழுதி அனுப்பு, இந்தத் தடவை திட்ட மாட்டேன்.

உன் அப்பா,
நாராயணப்பன்