எஃப்.சி.க்கு மட்டும் ஒரு கேபிள்

புதன், இரவு.

டிரைவர் ராமசாமி அண்ணன் இந்நேரம் சிமெண்ட் லோடோடு கொல்லிமலை ஏறிக்கொண்டிருப்பார். அவர் லாரியில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. நான்தான் அப்படி ஆக்கி அனுப்பினேன்.

காலையில் அந்தப் பழைய லாரியின் ஹேண்ட் பிரேக்குக்குப் புதுக் கேபிள் போட்டேன். பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பிடிக்கும்வரை நட்டைத் திருகினேன். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. கிடைத்தது. வண்டி பட்டறைக்குத் திரும்பியதும் லாரி முதலாளி சொன்னார்: "தம்பி, அதைக் கழட்டி நம்ம இன்னொரு வண்டில மாட்டு. நாளைக்கு அதுக்கு எஃப்.சி."

"அப்ப இந்த வண்டிக்குங்க?"

"பழசையே மாட்டு. நின்னா டயருக்குக் கட்டை போட்டுக்குவான்."

பழைய கேபிள் பாதி அறுந்து பிரிந்து கிடந்தது. கிளீனரையும் முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மேட்டில் நின்றால் பிரேக்கை மிதித்திருப்பதும் அண்ணன், இறங்கிக் கட்டை வைப்பதும் அண்ணன். ஒரே ஆள் எப்படிச் செய்வார் என்று முதலாளியிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணன்தான் முந்திக்கொண்டு சிரித்தார்.

"என்ற காலு நல்லா நீளம், சாமி. ஒண்ணு பிரேக்குல, ஒண்ணு ரோட்டுல."

பிறகு என்னைத் தனியாக இழுத்துப் போனார். "உடு. இந்த வண்டியும் போச்சுன்னா ஆருங்க எனக்கு வேலை குடுப்பா?"

கழற்றினேன். பழசை மாட்டினேன்.

லாரி பின்னால் உருண்டால் டிரைவரின் கவனக்குறைவு என்றுதான் எழுதுவார்கள். பிரேக் சரியாக இருந்தது என்பதற்கு இன்று வாங்கிய எஃப்.சி. இருக்கிறதே. அதை வாங்கித் தந்தது என் வேலை.

இரண்டு முறை போன் போட்டுவிட்டேன். மலையில் டவர் இல்லை.