தூதனுக்குத் தோள்பட்டை வலித்தது

சார், உங்கள் வலது தோள்பட்டை இப்போது என் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. எக்ஸ்ரே படத்தைச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில் வேறு எந்த வீட்டுக்கும் வராத காலை வெயில் என் ஜன்னலுக்கு மட்டும் வரும். அந்த வெயிலில் உங்கள் எலும்பு வெள்ளை வெளேரென்று தெரிகிறது. மேல்கை எலும்பின் தலை குழியில் உட்காராமல் கீழே இறங்கி நிற்கிறது. நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை, ஏழாவதோடு நின்றவன். ஆனால் நாற்பது வருடமாக மீன் வெட்டுகிறேன். முள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டு டீச்சரம்மாதான் கொடுத்தார்கள். நீங்கள் காலமாகி இரண்டு மாதம் கழித்து அலமாரியை ஒழித்தார்களாம். வேதாகமத்துக்கு அடியில் இந்தப் பழுப்பு உறை இருந்திருக்கிறது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னாரு. ஏழு வருஷமா அதைத்தான் நம்பிட்டிருந்தேன். உறை மேல இருக்கற தேதியப் படிங்க பிரதர்."

படித்தேன்.

"நீங்க மைக்ல கத்துற தேதிக்கு மறுநாள். இல்லையா?"

கிண்டியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் என்னைப் பேச்சில் மடக்க ஆள் கிடையாது. அன்று டீச்சரம்மா மடக்கினார்கள்.

"எடுத்துட்டுப் போங்க. இதை வீட்டுல வச்சுக்க என்னால முடியல."

இரண்டாயிரத்து இரண்டில் நடந்தது அது. எனக்கு அப்போதே ஞானஸ்நானம் ஆகி நாலு வருடம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நம் சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் விடச் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லுவேன். சாயங்காலம் கடையைக் கழுவிவிட்டதும் குடிப்பேன். என் வீட்டுக்காரி கடைசியாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தபா குடிச்சுட்டு வந்தே, புள்ளைங்கள இட்டுகினு கோவளம் போய்க்கினே இருப்பேன். உன் கர்த்தரு வந்து சோறாக்கிப் போடட்டும்." போயிருப்பாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஊரில் உள்ளவன் எல்லாம் கட்டைக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு குனிந்து போகிற கேட். இஞ்சினை அணைத்துவிட்டு மொபெட்டில் உட்கார்ந்து காத்திருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் சிவப்பு நீலப் பென்சில். பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டீர்கள். மூடினால் மூடினதுதான். அன்றைக்கு நான் போதையில் குனிந்து நுழைந்தேன். தண்டவாளத்து நடுவில் செருப்பு கழன்றது. அதைத் தேடிக்கொண்டு நின்றேன், சார். செருப்பை! வெளிச்சம் வந்தது, ஊதினான், எனக்கு அது யாரையோ கூப்பிடுகிற மாதிரி கேட்டது. அப்புறம் ஒரு வெள்ளைச் சட்டை. ஒரு இழுப்பு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நீங்கள் மூடிய கேட்டுக்குள் குனிந்து நுழைந்தீர்கள்.

ஜல்லி மேல் நீங்கள் கீழே, நான் உங்கள் தோளின் மேல். நான் தொண்ணூறு கிலோ. ஏதோ மளுக்கென்றது. என் எலும்பு என்று நினைத்துக்கொண்டு நான்தான் கத்தினேன்.

டீச்சரம்மா அன்றைக்கு ஊரில் இல்லை. உங்கள் வீட்டில் வைத்து எனக்கு மோர் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வாடை போகிறவரை உட்கார வைத்தீர்கள். எல்லாம் இடது கையாலேயே செய்தீர்கள். "கைக்கு இன்னா சார்?" என்றேன். "ஒண்ணுமில்ல. நீ வாயைக் கொப்புளிய்யா, உன் வீட்டம்மா மோப்பம் பிடிச்சுடுவாங்க" என்றீர்கள். மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். எலும்பு சரியாக உட்காரவில்லை. எப்படி ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாத்ரூம் என்றீர்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பொறுக்காத மனிதர், என் குடும்பம் உடையக்கூடாது என்று ஒரு பொய் சொன்னீர்கள். சொல்லிவிட்டு அதிலேயே குடியிருந்தீர்கள்.

நான் குடியை விட்டேன். அது நிஜம், அதில் ஒட்டுவேலை எதுவும் இல்லை. மூன்று மாதம் தாண்டியதும் பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். குடித்ததைச் சொன்னேன், கேட்டைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன். "வெள்ளை உடுப்புல ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன். சத்தியமாக அடுத்த வார்த்தை உங்கள் பெயர்தான், சார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுந்து, "தூதன்! கர்த்தருடைய தூதன்!" என்று கத்திவிட்டார்கள். கூரை அதிர அல்லேலூயா. நான் உங்களைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் குனிந்து ஏதோ வசனத்துக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியில் முளைத்தவன்தான் அந்தத் தூதன்.

அப்புறம் அவனை நான் நன்றாக வளர்த்தேன். அனகாபுத்தூரில் அவனுக்கு இறக்கை முளைத்தது. மறைமலை நகரில், கார் கம்பெனி ஆட்கள் நிறைய வந்த கூட்டத்தில், ரயிலையே ஒரு கையால் நிறுத்தினான். மல்லிகை வாசனை வேறு. இருநூறு சபையில் சாட்சி சொல்லியிருப்பேன். அத்தனைக்கும் என்னைப் பின்னால் உட்காரவைத்து மொபெட்டில் கூட்டிப்போனது நீங்கள். கை தோளுக்கு மேலேதான் எழும்பாது, ஆக்சிலேட்டர் முறுக்க வரும்.

திரும்பி வரும்போது திருத்துவீர்கள். வேதத்தில் இயேசுவின் சீஷர்கள் வீசிய வலையில் ஐந்நூறு மீன் என்று சொல்லிவிட்டேன் ஒருநாள்.

"நூத்தி ஐம்பத்து மூணுய்யா. எண்ணி எழுதி வச்சிருக்கு."

"சார், நான் மீன்காரன். அந்த வலைக்கு ஐந்நூறு வரலன்னா கேவலம்."

"வந்தது எவ்ளோவோ அதைச் சொல்லு."

மீனைத் திருத்தினீர்கள், ஊர்ப் பெயரைத் திருத்தினீர்கள், வேதத்தில் இல்லாத வசனத்தை நான் வேதத்தில் சேர்த்தபோதெல்லாம் திருத்தினீர்கள். தூதனை மட்டும் திருத்தவே இல்லை. அதுதான் எனக்கு உங்கள் மேல் இன்றைக்கும் கோபம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஏன்யா இப்படி?" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே இறங்கி அழுதிருப்பேன். கேட்காமல் இருந்தது உங்கள் பெருந்தன்மை என்று எல்லாரும் சொல்லுவார்கள். நான் சொல்லமாட்டேன். நானாகச் சொல்கிறேனா என்று பரீட்சை வைத்தீர்கள். ஏழாவதோடு நின்றவனுக்குப் பரீட்சை வைக்கலாமா, சார்?

ஒருநாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும்போது என் வியாக்கியானத்தை எடுத்துவிட்டேன். "நியாயப்பிரமாணம்னா போலீஸ்காரன். கிருபைன்னா எம்.எல்.ஏ. லெட்டரு. விசுவாசம்னா, லெட்டர் பாக்கெட்ல கீதுன்னு தெகிரியமா நடக்கறது. கரெக்டா சார்?"

வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தீர்கள். "யோவ், போலீஸும் இல்ல, லெட்டரும் இல்ல. நியாயப்பிரமாணம் எக்ஸ்ரே மாதிரி. எலும்பு எங்க விலகியிருக்குன்னு காட்டும். எடுத்து உள்ள வைக்காது. அதுக்கு ஒரு கை வேணும்."

"அந்தக் கைதான் கிருபை?"

"ம்."

"அப்ப விசுவாசம்?"

"வலிக்கும்னு தெரிஞ்சும் தோளைக் காட்டறது."

"மொத்தத்துல ஃப்ரீதானே சார்?"

"உனக்கு ஃப்ரீ" என்றீர்கள். அந்த 'உனக்கு' எனக்குக் கேட்டது. லாரி சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இனி செம்பாக்கத்துக்கு வருகிறேன். அங்கே வராமல் இந்த மடலை முடித்துவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

ஏரிப் பக்கம் பந்தல் போட்டு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வெளியூர்ப் பிரசங்கியார். நான் மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறேன், அடுத்தது என் சாட்சி. எல்லாரும் இரண்டு கையையும் தூக்கித் துதிக்கிறார்கள். நீங்கள் இடது கையைத் தூக்கி, வலது கையை மார்போடு வைத்திருந்தீர்கள். அவர் பாட்டை நிறுத்தினார்.

"பின்னால கண்ணாடி போட்ட பிரதர்! ஆண்டவர் உங்களுக்குப் பாதிதான் கொடுத்தாரா? ரெண்டு கையும்!"

"தோள் எழும்பாது, பாஸ்டர்."

"எழும்பும்! விசுவாசிங்க!" இறங்கி வந்து, தலையில் ஒரு கையை வைத்து ஜெபித்து, இன்னொரு கையால் உங்கள் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினார். நீங்கள் போட்ட சத்தம் மைக்கிலேயே கேட்டது. உங்கள் கண்ணாடி விழுந்தது. அவர் மேடைக்குத் திரும்பி நடந்துகொண்டே சொன்னார்: "வருஷக்கணக்கா சபைக்கு வந்து பிரயோஜனம் இல்ல. சிலருக்கு விசுவாசமே கிடையாது."

முந்நூறு பேரும் திரும்பி உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் தூதனைச் சொன்னேன். அன்றைக்குச் சொன்ன மாதிரி என்றைக்கும் சொன்னதில்லை. மழை பெய்த மாதிரி கை தட்டினார்கள். பிரசங்கியார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

திரும்பும்போது நீங்கள் எதையும் திருத்தவில்லை. என் வீட்டு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னீர்கள்: "இன்னைக்கு ரெக்கை ரொம்பப் பெருசுய்யா." அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. நம் சபைக்கு வருவதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பழைய கல் சர்ச்சுக்கே திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே யாரும் கையைத் தூக்கச் சொல்லமாட்டார்கள். நான் பார்க்க வந்தேனா? இல்லை. மார்க்கெட் வாசலில் உங்கள் மொபெட் சத்தம் கேட்டால் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். மூன்று வருடம் குனிந்தேன். அப்புறம் ரங்கநாதபுரம் முனையில் உங்கள் படத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். பாஸ்டரிடம் சாட்சி இருக்கிறது என்றேன். டியூப் லைட்டுக்கு நேராகப் படத்தைப் பிடித்தேன். தூதன் இல்லை, நம் கடைசி பெஞ்சு சார்தான் இழுத்தார் என்றேன். பாத்ரூமில் விழவில்லை, எனக்கு அடியில் விழுந்தார் என்றேன். செம்பாக்கத்தில் விசுவாசம் இல்லாதவனாக நின்றது அவர் இல்லை, நான்தான் என்றேன். எப்போதும் முக்கால் மணி நேரம் எடுப்பவன், நாலு நிமிடத்தில் முடித்துவிட்டேன். சேர்ப்பதற்கு எதுவும் வரவில்லை.

அப்புறம் பாஸ்டர் மைக்கை வாங்கினார். "பாருங்க, கர்த்தர் நம்ம சகோதரனையே தூதனா அனுப்பியிருக்காரு! எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கி ஒரு ஸ்தோத்திரம்!" டிரம்ஸ் ஆரம்பித்தது. சார், மறுபடியும் உங்களுக்கு இறக்கை ஒட்டிவிட்டார்கள். நான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் பாருங்கள்.

வெளியே செருப்புப் போடும்போது, அன்றைக்குத் தூதன் என்று கத்திய அதே அக்கா பக்கத்தில் வந்தார்கள். "கோச்சுக்காதீங்க பிரதர். பழைய சாட்சியில ஒரு இது இருந்துச்சு. இது சப்புனு கீது."

வீட்டுக்காரியும் கூட்டத்தில் இருந்தாள். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது கேட்டாள்: "அந்த மனுசன் கைய ஒடிச்சுத்தான் என்னிய இந்த வூட்டுல நிறுத்தி வெச்சியா?" நான் ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள்.

இன்று கடை லீவு. இதை எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். சிவப்பு நீலப் பென்சிலோடு நீங்கள் உட்கார்ந்திருந்தால் எங்கெங்கே கோடு விழும் என்று எனக்கே தெரிகிறது. காலை வெயில் எதிர்வீட்டுக்கும் வருகிறது. நான் மீன் வெட்டுவது நாற்பது வருடமாக இல்லை, இருபத்தாறு. சாட்சி சொன்னது முப்பத்தொரு சபையில். செம்பாக்கம் பந்தலில் முந்நூறு பேர் இல்லை, எண்பது இருக்கும். ஆனால் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அதில் கோடு வேண்டாம்.

வலையில் வந்த மீன் நூற்று ஐம்பத்து மூன்று. மூடிய கேட்டுக்குள் எனக்காகக் குனிந்தவர் ஒருவர். இறக்கை இல்லை.